எண்பதுகளின் பாப், ராக் பாட்டுப் புதிர்: புதிதாக ஆட வருபவர்களுக்கு

பாட்டின் தொடக்கத்தை இரண்டு நொடி மட்டும் ஒலிக்கவிட்டு, "என்ன பாட்டு, யார் பாடினது, எந்த வருஷம்?" என்று கேட்கும் ஆட்டத்தில் முதல்முறை உட்காருபவர்களுக்கெல்லாம் ஒரே பயம்தான்: நமக்கு அவ்வளவு பாட்டு தெரியாதே! எண்பதுகளின் ஆங்கில பாப், ராக் என்றால் பயம் இன்னும் கொஞ்சம் கூடும். மைக்கேல் ஜாக்சனையும் மடோனாவையும் தாண்டினால் பெயர்களே வாயில் வராது.

ஆனால் அந்தப் பத்தாண்டில் ஒரு வசதி இருக்கிறது. கருவிகளும் ஸ்டுடியோ உத்திகளும் அப்போது வருஷத்துக்கு வருஷம் மாறின. அந்த மாற்றம் பாட்டிலேயே அப்பட்டமாகக் கேட்கும். இன்னொன்று, பெரிய ஹிட்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். திரும்பத் திரும்ப அதே ஆட்கள். அதனால் பாட்டே தெரியாவிட்டாலும் காதைத் தீட்டி வைத்திருப்பவர் பாதி விடையை ஊகித்துவிடலாம். மனப்பாடம் செய்பவரைவிட ஊகிக்கத் தெரிந்தவர்தான் இதில் ஜெயிக்கிறார். எப்படி ஊகிப்பது என்பதுதான் கீழே வருவது.

எந்த ஆட்டம் என்று பாருங்கள்

பாட்டுப் புதிர் என்ற ஒரே பெயரில் பல ஆட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தயாரிப்பு உதவாது.

பழையது, குறைந்த ஸ்வரத்தில் பெயர் சொல்லும் ஏலம். அமெரிக்காவில் 1952-இல் வானொலியில் தொடங்கி அடுத்த வருஷமே தொலைக்காட்சிக்குப் போன 'நேம் தட் ட்யூன்' நிகழ்ச்சியால் பிரபலமானது. "ஐந்து ஸ்வரத்தில் சொல்கிறேன்", "நான் மூன்றிலேயே சொல்கிறேன்" என்று போட்டி போடுவார்கள். இன்றைய வடிவம் 'ஹேர்டில்'. முதலில் 1 நொடி ஒலிக்கும். தெரியவில்லை என்றால் 2, அப்புறம் 4, 7, 11, 16 நொடி. மொத்தம் ஆறு வாய்ப்பு. 2022-இல் வந்து அதே வருஷம் ஸ்பாட்டிஃபை வாங்கி, 2023-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதே விதிகளோடு பல ஆட்டங்கள் இணையத்தில் ஓடுகின்றன.

'ஹிட்ஸ்டர்' என்ற சீட்டாட்டம் வேறு வகை. சீட்டில் இருக்கும் க்யூஆர் குறியை போனில் ஸ்கேன் செய்தால் பாட்டு ஓடும். அந்தப் பாட்டு உங்கள் முன்னால் ஏற்கெனவே இருக்கும் பாட்டுகளுக்கு முந்தியதா பிந்தியதா என்று காலவரிசையில் வைக்க வேண்டும். பத்துச் சீட்டு சரியாகச் சேர்த்தவர் ஜெயித்தார். இதில் பெயர் தெரியாமலே ஜெயிக்கலாம், காலம் தெரிந்தால் போதும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, பாட்டே ஒலிக்காத வினாடி வினா. இங்கிலாந்து பப்களில் வாரத்தில் ஒரு நாள் நடக்கும் க்விஸ்ஸில் இசைக்கென்று ஒரு சுற்று பெரும்பாலும் இருக்கும். யார் எழுதியது, யார் கிட்டார் வாசித்தது, எந்தப் படத்தில் வந்தது என்று கதையைக் கேட்பார்கள். நம் பாட்டுக்குப் பாட்டு மாதிரி பாடிக் காட்ட வேண்டிய கட்டாயம் எதிலும் இல்லை. அந்த மட்டில் நிம்மதி.

டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் குரலுக்காகக் காத்திருப்பார்கள். குரல் வருவதற்குள் எதிரணி மணியை அடித்துவிடும். தொடக்க நொடிகளில் கேட்பது பெரும்பாலும் தாளமும் கீபோர்டும்தான். அதனால் காதை அங்கே வையுங்கள்.

எண்பதுகளின் டிரம்ஸ் ஒலிக்கு ஒரு பிறந்த கதை உண்டு. பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பம் 1980-இல் வந்தது. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் அதன் பதிவு நடந்தபோது டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ், ஒலிப்பதிவு ஹியூ பட்ஜம். சிம்பல் என்ற உலோகத் தட்டைத் தட்டவே கூடாது என்று கேப்ரியல் சொல்லியிருந்தார். அறையின் எதிரொலியைப் பெரிதாக விட்டு, அது தேய்ந்து மறைவதற்குள் சட்டென்று வெட்டிவிடும் உத்தி அங்கே உருவானது. கேட்டட் ரிவர்ப் என்பார்கள். அடி மலைபோல் விழும், ஆனால் வால் இருக்காது. 1981-இல் காலின்ஸ் இதைத் தன் சொந்தப் பாட்டான 'இன் தி ஏர் டுநைட்'டில் வைத்தார். மூன்றரை நிமிடத்துக்கு மேல் காக்க வைத்து டிரம்ஸ் இறங்கும் அந்த இடம் ஒன்றைக் கேட்டால் போதும், உத்தி புரிந்துவிடும். அதன்பின் பத்தாண்டு முழுக்க எல்லோரும் அப்படித்தான் அடித்தார்கள். இந்த ஒலி கேட்டால் எழுபதுகளைத் தைரியமாகக் கழித்துவிடலாம்.

அடுத்தது இயந்திர டிரம்ஸ். 1980-இல் இரண்டு வந்தன. ரோலண்ட் டிஆர்-808 செயற்கையாக ஒலி எழுப்பும். அடி ஆழமாக, 'டும்ம்' என்று நீளும். 1982-இல் மார்வின் கே பாடிய 'செக்ஷுவல் ஹீலிங்' அதற்கு நல்ல பாடம். ரோஜர் லின் செய்த எல்எம்-1 உண்மையான டிரம்ஸைப் பதிவு செய்து வைத்துத் திருப்பி ஒலித்தது. பிரின்ஸ் அதை விடவே இல்லை. அவருடைய 'வென் டவ்ஸ் க்ரை' (1984) பாட்டில் பேஸ் கிட்டாரே கிடையாது. "பேஸ் இல்லாமல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு எது?" என்று க்விஸ் நடத்துபவர்கள் கேட்காத ஊர் இல்லை.

1983-இல் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு, வந்தது. மணியோசைபோல் கணீரென்று ஒலிக்கும் மின்பியானோ ஒன்று அதில் இருந்தது. பத்தாண்டின் பிற்பாதியில் வந்த மெதுவான காதல் பாட்டுகளில் பாதியின் தொடக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். அந்த ஒலி கேட்டால் 1983-க்கு முன்னால் போகாதீர்கள்.

கிட்டாரைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஒரே ஸ்வரம் எதிரொலித்து எதிரொலித்துப் பரவினால் யு2 குழுவின் கிட்டார்காரர் எட்ஜ். பேஸ் மட்டும் தனியாக ஏழு ஸ்வரம் தட்டினால் குவீனும் டேவிட் போவியும் சேர்ந்து பாடிய 'அண்டர் பிரஷர்' (1981). அதே தட்டலை எடுத்துக்கொண்டு வெனிலா ஐஸ் 'ஐஸ் ஐஸ் பேபி' போட்டது 1990-இல். எண்பதுகள் சுற்றில் இந்தக் குழப்பம் வந்தால் குவீன் பக்கம் சாயுங்கள்.

கீபோர்டில் மட்டும் மூன்று தொடக்கங்களைத் தனியாகக் கேட்டு வையுங்கள்: யூரித்மிக்ஸின் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' (1983), வான் ஹேலனின் 'ஜம்ப்' (1984), யூரோப்பின் 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' (1986). இந்தச் சுற்றில் இவை மூன்றும் வராத நாள் அபூர்வம்.

பத்தாண்டை மூன்றாக வெட்டுங்கள்

வருஷத்தைச் சரியாகச் சொல்ல முயலாதீர்கள். முதலில் மூன்றில் எந்தத் துண்டு என்று சொல்லப் பழகுங்கள்.

1980 முதல் 1982 வரை முதல் துண்டு. டிஸ்கோ இன்னும் முழுதாகப் போகவில்லை. கூடவே மெலிந்த, குளிர்ந்த சிந்தசைசர் ஒலி இங்கிலாந்திலிருந்து வருகிறது. பிளான்டியின் 'கால் மீ' 1980, சாஃப்ட் செல்லின் 'டெயின்டட் லவ்' 1981. ஹியூமன் லீகின் 'டோன்ட் யூ வான்ட் மீ' 1981 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 1982-இல்தான். ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்து, பிரையன் ஜான்சன் வந்து அதே வருஷம் 'பேக் இன் பிளாக்' ஆல்பம் வெளியானதும் இந்தத் துண்டில்தான். 'ஹைவே டு ஹெல்' அதற்கு முந்திய வருஷம், ஸ்காட் பாடியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

நடுத்துண்டு 1983 முதல் 1986. இதைப் புரிந்துகொள்ள இசை வீடியோ சேனலான எம்டிவியைப் புரிந்துகொள்ள வேண்டும். 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில் அந்தச் சேனல் தொடங்கியபோது இருபத்து நான்கு மணி நேரமும் போட வீடியோ தேவைப்பட்டது. அமெரிக்கக் குழுக்களிடம் வீடியோ அதிகம் இல்லை, பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்தது. விளைவு, டுரான் டுரான், கல்ச்சர் கிளப் மாதிரி முகத்துக்கு மை தீட்டிய பிரிட்டிஷ் பையன்கள் அமெரிக்கத் தரவரிசையில் கூட்டமாக ஏறினார்கள். வெள்ளையர் ராக்கையே முக்கியமாகப் போட்டுக்கொண்டிருந்த அந்தச் சேனலில் கறுப்பினக் கலைஞர்களுக்கு இடத்தை விரித்தது மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்', 'பீட் இட்' வீடியோக்கள். 1982 நவம்பர் இறுதியில் வெளிவந்த 'த்ரில்லர்' ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டுகள் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தன. ஜான் லாண்டிஸ் இயக்கிய, ஏறத்தாழ 14 நிமிட 'த்ரில்லர்' வீடியோ 1983 டிசம்பரில் வந்தது. ஆல்பம் 1982, வீடியோ 1983. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நடுத்துண்டில்தான் பட்டினி நிவாரணத்துக்காக நட்சத்திரங்கள் கூடினார்கள். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக பேண்ட் எய்ட் என்ற நட்சத்திரக் கூட்டணியின் கிறிஸ்துமஸ் பாட்டு 1984 கடைசியில் பிரிட்டனில் வந்தது. 1985 ஜனவரி 28 இரவு அமெரிக்காவில் 'வீ ஆர் தி வேர்ல்ட்' பதிவானது. எழுதியவர்கள் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும். 1985 ஜூலை 13-ஆம் தேதி லண்டன் வெம்ப்ளியிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரி. ஃபில் காலின்ஸ் வெம்ப்ளியில் பாடிவிட்டு கான்கார்டு விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா மேடையிலும் ஏறினார். குவீன் இருபது நிமிடம்போல் வாசித்து அந்த நாளையே தன்னுடையதாக்கிக்கொண்டது. குவீனின் ஃபிரெடி மெர்க்குரிக்கு இந்தியத் தொடர்பு உண்டு: சான்சிபாரில் பிறந்த பார்சி, இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. படித்தது மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில், செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில். பள்ளியிலேயே 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் வாசித்தார். இந்தியர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி வராமல் போகாது.

1987 முதல் 1989 வரை கடைசித் துண்டு. ஒலி தடிக்கிறது. ஒரு பக்கம் முடியை விரித்துப்போட்ட ஹார்டு ராக்: பான் ஜோவி 1986 கடைசியிலேயே வழி திறந்துவிட்டார், அப்புறம் டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா'வும் கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் ஆல்பமும் 1987-இல். டெஃப் லெப்பர்டின் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலன் 1984-இன் கடைசி நாள் நடந்த கார் விபத்தில் இடக்கையை இழந்து, ஒரு கையாலும் கால்களாலும் வாசிக்கப் பழகி அந்த ஆல்பத்தை வாசித்தவர். இன்னொரு பக்கம் இங்கிலாந்தில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மேன் என்ற மூவர் தொழிற்சாலைபோல் பாட்டு தயாரித்தார்கள். ரிக் ஆஸ்ட்லி, கைலி மினோக் எல்லாம் அவர்கள் கைவண்ணம். தாளம் ஒரே மாதிரி துள்ளும், கீபோர்டு பளபளக்கும். இரண்டு பாட்டு கேட்டால் மூன்றாவதைக் கண்டுபிடிக்கலாம். எனக்குப் பிடிக்காத ஒலி, ஆனால் புள்ளிகளை வாரி வழங்கும் ஒலி.

எல்லைக்கோட்டில் நிற்பவை

எண்பதுகள் என்று நம்பி நாம் தவறவிடும் பாட்டுகளில் முக்கால்வாசி எழுபதுகளின் கடைசியோ தொண்ணூறுகளின் தொடக்கமோதான். நம் ஊரில் கேசட் வழியாகத் தாமதமாக வந்த பாட்டுகளுக்கு இது இன்னும் பொருந்தும். போனி எம்-இன் 'டாடி கூல்' 1976, 'ரஸ்புடின்' 1978. ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆல்பம் 1976. சாக்ஸஃபோன் கேட்டதும் 'பேக்கர் ஸ்ட்ரீட்'டை எண்பதுகளில் போடுவார்கள், அது 1978. சாக்ஸஃபோனில் உருகும் எண்பதுகளின் பாட்டு ஜார்ஜ் மைக்கேலின் 'கேர்லெஸ் விஸ்பர்' (1984). மறுகோடியில், ஸ்கார்ப்பியன்ஸின் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' பெர்லின் சுவரோடு சேர்த்து 1989 என்றே எல்லோருக்கும் நினைவு. ஆனால் அது இருக்கும் ஆல்பம் 1990-இல் வந்தது. ஷினேட் ஓ'கானர் பாடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' 1990 ஜனவரி.

எம்டிவி ஒளிபரப்பிய முதல் வீடியோ பகிள்ஸின் 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' என்பது தெரிந்த கேள்வி. பாட்டு 1979 என்பது தெரியாத விடை. அந்த வீடியோவில் கீபோர்டு முன்னால் சில நொடி தெரியும் இளைஞர் ஹான்ஸ் ஸிம்மர். ஆமாம், இன்று ஹாலிவுட் படங்களுக்கு இசையமைக்கும் அதே ஸிம்மர்.

தலைப்பில் இருக்கும் எண்ணையும் நம்பாதீர்கள். பிரையன் ஆடம்ஸின் 'சம்மர் ஆஃப் 69' வந்தது 1985-இல். பிரின்ஸின் '1999' வந்தது 1982-இல்.

பொறிகள்

கேள்வி தயாரிப்பவர்களுக்கு மிகப் பிடித்தது கவர் வெர்ஷன், அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் திரும்பப் பாடுவது. நாம் அசல் என்று நினைக்கும் பாட்டுக்கு முன்னால் ஒரு அசல் இருக்கும். 'டெயின்டட் லவ்'வை அறுபதுகளில் குளோரியா ஜோன்ஸ் பாடினார். ஜோன் ஜெட் 1982-இல் ஏழு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் வைத்திருந்த 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்', ஆரோஸ் என்ற குழு 1975-இல் போட்டது. யுபி40-இன் 'ரெட் ரெட் வைன்' நீல் டயமண்ட் எழுதிப் பாடியது. பனனராமாவின் 'வீனஸ்' 1969-இல் டச்சுக் குழு ஷாக்கிங் ப்ளூவின் பாட்டு. 1987 நவம்பரில் நடந்தது எனக்கு மிகப் பிடித்தது: டிஃப்பனியின் 'ஐ திங்க் வீ ஆர் அலோன் நவ்' அமெரிக்காவில் முதலிடம், அதைத் தள்ளிவிட்டு ஏறியது பில்லி ஐடலின் 'மோனி மோனி'. இரண்டுமே அறுபதுகளில் டாமி ஜேம்ஸ் அண்ட் தி ஷாண்டெல்ஸ் பாடியவை.

அடுத்து ஒரே தலைப்பு, வெவ்வேறு பாட்டு. 'தி பவர் ஆஃப் லவ்' என்று 1984, 1985-க்குள் மூன்று பாட்டு இருக்கின்றன: ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட், ஜெனிஃபர் ரஷ், ஹியூயி லூயிஸ் அண்ட் தி நியூஸ். மூன்றும் பெரிய ஹிட், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. தலைப்பை மட்டும் சொல்லிப் புள்ளி வாங்க நினைத்தால் நடத்துபவர் "யார்?" என்று கேட்டே தீருவார்.

தலைப்பு பாட்டுக்குள் வராத ரகமும் உண்டு. நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே'யில் அந்தச் சொற்கள் எங்கும் இல்லை. ஜர்னியின் 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்'னில் தலைப்பு வருவதற்குள் பாட்டு முக்கால்வாசி முடிந்துவிடும். பல்லவிக்காகக் காத்திருப்பவர்கள் இங்கே தோற்பார்கள்.

'ஒரே ஹிட் கொடுத்துக் காணாமல் போனவர்' என்ற கேள்வியில் எந்த நாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் அமெரிக்கர்களுக்கு 'கம் ஆன் ஐலீன்' மட்டும்தான். பிரிட்டனில் 1980-லேயே 'ஜீனோ' முதலிடம் பிடித்திருந்தது. நார்வேக்காரர்களான ஆ-ஹாவும் அப்படியே. 'டேக் ஆன் மீ' மட்டுமே தெரிந்தவர்கள், 1987 ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குத் தலைப்புப் பாட்டு பாடியதும் அவர்கள்தான் என்று கேட்டால் ஆச்சரியப்படுவார்கள்.

குரலிலும் பொறி உண்டு. கரகரப்பான குரல் கேட்டால் உடனே ராட் ஸ்டீவர்ட் என்று கத்தாதீர்கள். அது 1981-இல் ஒன்பது வாரம் அமெரிக்க முதலிடத்தில் இருந்த கிம் கார்ன்ஸாகவோ 1983-இன் பானி டைலராகவோ இருக்கலாம்.

ஆட்களைப் பிடியுங்கள்

ஒலியைக் கேட்டு ஊகிப்பது பாதி. மீதிப் பாதி, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்ற வலை. நாலைந்து பேரைத் தெரிந்துகொண்டால் போதும், கேள்விகள் அவர்களைச் சுற்றித்தான் வரும்.

பிரின்ஸ் தன் பாட்டுகளைப் பிறருக்கு அள்ளிக் கொடுத்தவர். பேங்கிள்ஸ் பாடிய 'மேனிக் மண்டே'யை 'கிறிஸ்டஃபர்' என்ற புனைபெயரில் எழுதினார். 1986-இல் அது அமெரிக்காவில் இரண்டாமிடம் வரை வந்து நின்றது. முதலிடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தது பிரின்ஸின் சொந்தப் பாட்டான 'கிஸ்'. சக்கா கான் பாடிய 'ஐ ஃபீல் ஃபார் யூ'வும் மேலே சொன்ன 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ'வும் அவர் எழுதியவைதான்.

ட்ரெவர் ஹார்ன் இன்னொருவர். பகிள்ஸில் பாடியவர் அவர்தான். பிறகு யெஸ் குழுவில் கொஞ்ச நாள் பாடகர். அங்கிருந்து விலகித் தயாரிப்பாளராகி, அதே யெஸ்ஸுக்கு 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' (1983) தயாரித்தார். பிபிசி ஒலிபரப்ப மறுத்தும் பிரிட்டனில் முதலிடம் போன ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்டின் 'ரிலாக்ஸ்' தயாரிப்பும் அவர்தான்.

நைல் ராட்ஜர்ஸை டிஸ்கோ குழுவான ஷிக்கின் கிட்டார்காரராகத் தெரிந்திருக்கும். டிஸ்கோ செத்தது என்று எல்லோரும் எழுதிய பிறகு அவர் டேவிட் போவியின் 'லெட்ஸ் டான்ஸ்' (1983), மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' (1984) ஆல்பங்களைத் தயாரித்தார். இத்தாலிக்காரரான ஜார்ஜியோ மொரோடர் பெயர் சினிமாப் பாட்டுக் கேள்விகளில் வரும்: 'கால் மீ', 'ஃப்ளாஷ்டான்ஸ்', 'டாப் கன்' படத்தில் பெர்லின் குழு பாடிய 'டேக் மை பிரெத் அவே' மூன்றும் அவர் இசை. ஜிம் ஸ்டைன்மன் எழுதியவை நாடகம்போல் ஏறி ஏறி இடி இடிக்கும். 1983 அக்டோபரில் அமெரிக்காவின் முதலிரண்டு இடங்களிலும் அவர் பாட்டு: பானி டைலருடையதும், ஏர் சப்ளையுடையதும்.

எட்டி வான் ஹேலனை மறந்துவிடக் கூடாது. 'பீட் இட்' பாட்டின் கிட்டார் தனி ஆவர்த்தனம் அவருடையது, காசு வாங்காமல் வாசித்துக் கொடுத்தார். பிறகு அவருடைய குழுவின் '1984' ஆல்பம் இரண்டாமிடத்தில் நின்றுபோனது. மேலே இருந்தது 'த்ரில்லர்', அதாவது அவரே வாசித்துக் கொடுத்த ஆல்பம்.

ஆட்டத்தில் உட்கார்ந்ததும்

ஹேர்டில் வகை ஆட்டத்தில் முதல் ஒரு நொடியில் தெரியவில்லை என்றால் ஊகத்தை வீணாக்காமல் தாண்டுங்கள் என்பார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். தவறான ஊகமும் தாண்டுவதும் ஒரே வாய்ப்பைத்தான் தின்கின்றன. அதனால் சும்மா தாண்டாமல், அந்த ஒலிக்கு ஒத்துவரும் ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள். பல வடிவங்களில் பாடகர் சரி, பாட்டு தவறு என்றால் வேறு நிறத்தில் காட்டும். அது பெரிய துப்பு.

அணியாக ஆடும்போது வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ராக், ஒருவர் பாப், ஒருவர் சினிமாவும் கதைகளும். எழுதுபவர் தனியாக ஒருவர் இருக்கட்டும். மணி அடிக்கும் சுற்று என்றால் பெயர் நாக்கு நுனிக்கு வந்த பிறகு அடியுங்கள். "தெரியும், தெரியும்" என்ற உணர்வில் அடித்தால் ஐந்து நொடியில் வெறும் வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். எழுதித் தரும் சுற்றில் எதையும் காலியாக விடாதீர்கள். எண்பதுகளில் ஒரு பெண் பாடியது, வேகமான பாட்டு, வேறொன்றும் தெரியவில்லை என்றால் மடோனா என்று எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அவ்வளவு ஹிட் கொடுத்தவர் அவர்.

நீங்களே நடத்துவதானால்

சீக்கிரம் கற்றுக்கொள்ள இதுதான் குறுக்குவழி. ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டு போதும். பாதி எல்லோருக்கும் தெரிந்தது, கால்வாசி கொஞ்சம் யோசிக்க வைப்பது, மீதி இரண்டு மூன்று மட்டும் கடினம். புதியவர்கள் நிறைய இருந்தால் முதல் மூன்றும் சுலபமாக இருக்கட்டும். முதல் கேள்வியிலேயே நியூ ஆர்டரைப் போட்டால் பாதிப் பேர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

வருஷத்தைச் சரிபார்க்காமல் கேள்வி எழுதாதீர்கள். பாட்டுச் செயலிகளில் காட்டும் வருஷம் பெரும்பாலும் மறுபதிப்பின் வருஷம். 1983 பாட்டுக்கு 2009 என்று போட்டிருக்கும். ஆல்பம் வந்த வருஷமும் பாட்டு தனியாக வெளியான வருஷமும் வேறாக இருக்கலாம். 'டேக் ஆன் மீ' 1984-இல் ஒருமுறை வந்து எடுபடாமல், வேறு பதிவாக 1985-இல் புதிய வீடியோவோடு வந்து ஜெயித்தது. பெரிய சண்டை வரும் இடம் இது. ஒரு வருஷம் முன்பின் இருந்தால் ஏற்றுக்கொள்வேன் என்று முன்பே சொல்லிவிடுங்கள். 'கேர்லெஸ் விஸ்பர்' பிரிட்டனில் ஜார்ஜ் மைக்கேல் பெயரிலும் அமெரிக்காவில் வாம் குழுவின் பெயரையும் சேர்த்தும் வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் இரண்டுக்கும் புள்ளி கொடுத்துவிடுவது நடத்துபவரின் உடம்புக்கு நல்லது.

துணுக்கை வெட்டும்போது தலைப்பு வரும் வரிக்கு முன்னால் நிறுத்துங்கள். போன் திரையில் பாட்டின் பெயர் ஓடும், கவிழ்த்து வையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் சிலது முதல் அரை நொடியை விழுங்கிவிடும். ஒரு நொடித் துணுக்குக்கு அது பாதிப் பாட்டு; கம்பி வைத்த ஸ்பீக்கரே மேல். பாட்டை அடையாளம் காட்டும் செயலிகளைத் தடை செய்கிறோம் என்று தொடக்கத்தில் சொல்லுங்கள். புள்ளிக்கு எளிய கணக்கு: பாட்டுக்கு ஒன்று, பாடியவருக்கு ஒன்று, வருஷத்துக்கு அரை.

கடைசியில் இரண்டு அணி சமமாக வந்தால் எண் கேள்வி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், நெருங்கிய எண்ணைச் சொன்னவர் ஜெயித்தார். 'த்ரில்லர்' அமெரிக்க ஆல்பம் வரிசையில் மொத்தம் எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்று கேட்கலாம்: 37. எளிதாக வேண்டுமென்றால், ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' முதலிடத்தில் இருந்த வாரங்கள்: 10. விடையைக் காகிதத்தில் எழுதி ஒரே நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொல்லவிட்டால் இரண்டாமவர் முதலாமவர் சொன்னதோடு ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிட்டு ஜெயித்துப் போய்விடுவார்.